உழைப்பும் அதன் திசையும்

திருக்குறளிலே முயற்சியின் பெருமையைக் கூறுதற்கு ‘ஆள்வினையுடைமை’ என ஓர் அதிகாரம் அமைந்திருக்கின்றது. அது நம் மாணவர் பலர் மனனஞ் செய்தது. பரிசளிப்பு விழா மேடைகளிற் பலகாலும் எடுத்தோதப்படுவது. ஆனால், அதற்கு முன்னரே தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றமை அத்துணை நினைக்கப்படுவதில்லை. இவை யாவும் அரசியல் என்னும் ஓரியலில் அடங்கியவை. அரசனை நோக்கிக் கூறப்பட்டவை. எனினும் முயற்சி வேறு, முயற்சியைச் செலுத்தும் அறிவு வேறு என்பதும், பின்னது இல்லாதவிடத்து முன்னது பயன்படாது ஒழிதலும் கூடும் என்பதும் அரசனுக்கு மட்டும் உரிய செய்திகள் அல்ல.

கடமையிற் சிறிதும் வழுவாது இருபது முப்பதாண்டு உழைத்தும், தொடங்கிய இடத்திலேயே நிற்கும் மக்களை எத்தொழிலிலும் காணலாம். அவர் நிலைக்குக் காரணம் வினவினால், ஊழ் என்பார் சிலர். செல்வாக்கு இன்மை என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் பொய்யல்ல. பிறப்பினாலும் பணத்தினாலும் வாயில்கள் அடைக்கப்படுதல் எந்நாட்டிலும் உள்ள கொடுமை; அதனை உழைப்பாளியின் குற்றமாக்குதல் அறமன்று. ஆயினும் மூன்றாவதொரு காரணமும் உண்டு. நான் செய்யும் வேலை எவர் கண்ணிற் படுகின்றது? அது உண்மையில் யாருடைய வேலை? என் நாளில் எத்துணைப் பகுதி என் கையில் உள்ளது? இவ்வினாக்களை அவர் தம்மைத் தாமே ஒருபோதும் கேளாமையே அது. உழைப்பைக் கண்டு உலகம் தானே தேடிவரும் என்று நம்பி அவர் காத்திருக்கின்றார்.

இதனை ஆராய்தற்கு மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். பள்ளிப் பாடநூல்களில் அவர் கதை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லப்பட்டு வருகின்றது: ஏழைக் கொல்லர் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலைசெய்து, கட்டவந்த நூல்களைப் படித்து, உலகம் போற்றும் அறிஞரானார் என்பது அக்கதை. கதை மெய்யே, ஆனால் பாதி மெய். அவரோடொத்த உழைப்பாளிகள் அக்காலத்து இலண்டன் நகரில் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்களினின்றும் பரடேயை வேறுபடுத்தியது அவர் உழைத்த அளவு மட்டுமன்று. உழைப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது, எதனை ஏற்பது, எதனை விடுவது என்பவற்றை உரிய வேளைகளில் அவர் தாமே தீர்மானித்தார் என்பதே இக்கட்டுரையிற் காட்டப்படுவது.

பரடே 1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, இலண்டனுக்குத் தெற்கே நியூவிங்டன் என்னுமிடத்திற் பிறந்தார். தந்தை நோயாளி, நாள்தோறும் உலைக்களத்தில் நிற்க இயலாதவர். 1801இல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்குக் கிழமைக்கு ஒரு பாணே உணவாகக் கொடுக்கப்பட்டதென அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். எழுத்தும் வாசிப்பும் எளிய கணக்குமே அவர் பள்ளியிற் கற்றவை. 1804இல் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவலாளாய்ச் சேர்ந்து, மறு ஆண்டு அவரிடமே ஏழாண்டுத் தொழில் பயிலுநர் ஆனார். அச்சிறுவனின் நன்னடத்தையைக் கண்ட ரீபோ, வழக்கமாகப் பெறும் பயிற்சிக் கட்டணத்தை வாங்காது விட்டார்.

கட்டவந்த கலைக்களஞ்சியத்தில் மின்னியல் பற்றிய கட்டுரையையும், யேன் மார்செற் அம்மையார் இரசாயனம் பற்றி உரையாடல் வடிவில் எழுதிய நூலையும் அவர் படித்தார். கைக்கெட்டிய பொருள்களைக் கொண்டு சிறு மின்பொறியொன்று செய்து பார்த்தார். இவ்வளவில் நின்றிருப்பின், அறிவார்வமுள்ள ஒரு புத்தகக் கட்டுநராகவே அவர் வாழ்ந்து முடிந்திருப்பார். 1810இல் டேட்டம் என்பவர் தம் இல்லத்தில் நடத்திய விஞ்ஞான விரிவுரைகளுக்குப் போகத் தொடங்கினார். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் ஒரு சிலிங். அதனைக் கொடுத்தவர் கொல்லுத் தொழில் செய்த தமையனார். அங்கே கேட்டவற்றைக் குறித்துவந்து விரிவாக எழுதினார். கருவிகளைப் படமாக வரைதற்குத் தமக்குத் திறமை போதாதென்று கண்டு, ரீபோவின் வீட்டில் ஒதுக்குக் குடியிருந்த பிரெஞ்சு ஓவியர் ஒருவரிடம் சித்திரம் பயின்றார். அவ்வாறு எழுதியும் வரைந்தும் முடித்த குறிப்புகளைத் தம் கைத்தொழிலையே துணைகொண்டு நான்கு நூல்களாகக் கட்டினார்.

இச்செயலைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். படித்தல் பிறர் காணாதது. ஒருவன் இரவெல்லாம் கண்விழித்துப் படித்தாலும், மறுநாட் காலை அவன் முகத்தில் தூக்கமின்மையன்றி வேறொன்றும் புலப்படாது. ஆனால் எழுதி, வரைந்து, தோலுறையிட்டுக் கட்டிய நூல் கையில் எடுத்துப் பார்க்கத்தக்கது. ஒருவர் மற்றொருவருக்குக் காட்டத்தக்கது. நடந்ததும் அதுவே. ரீபோ அந்நூல்களைத் தம் கடைக்கு வருவோர்க்குப் பெருமையுடன் காட்டினார். அதன் பயனாக டான்ஸ் என்னும் வாடிக்கையாளர், சேர் ஹம்பிரி டேவியின் விரிவுரைகளுக்கு நான்கு அனுமதிச் சீட்டுகளைப் பரடேக்கு அளித்தார். 1812ஆம் ஆண்டின் முற்பகுதியில், அல்பமாள் வீதியிலுள்ள அரச நிறுவனத்தின் விரிவுரை மண்டபத்தில், மணிக்கூட்டுக்கு மேலுள்ள மாடத்தில் அமர்ந்து, அக்காலத்து ஐரோப்பாவின் புகழ்பெற்ற இரசாயன அறிஞரை அவர் கேட்டார். (1799இல் தோன்றிய இந்த அரச நிறுவனம் வேறு; 1660இல் தோன்றிய, அறிஞர்களின் சபையாகிய அரச கழகம் வேறு. இரண்டும் இக்கட்டுரையில் வருவதால் மயக்கம் நேராதிருக்க இது கூறப்பட்டது.)

அவ்வாண்டு ஒக்டோபரில் பயிற்சிக்காலம் முடிந்தது. வேறொரு கடையிற் கூலிக்கு அமர்ந்தார். அங்கே முதலாளி கடுங்கோபக்காரர்; எனினும் பரடேயின் வேலைத்திறனை மதித்தவர். தமக்குப் பிள்ளையில்லை என்றும், தம்மோடு இருந்தாற் கடையும் உடைமையும் பின்னர் பரடேக்கே ஆகும் என்றும் அவர் கூறினாரென்பர். இருபத்தொரு வயது ஏழை இளைஞனுக்கு இது சிறிய வாக்குறுதியன்று. அவரோ விஞ்ஞானத் தொழிலில் எவ்வளவு தாழ்ந்த இடமாயினும் வேண்டுமென்று அரச கழகத்தின் தலைவராயிருந்த சேர் யோசேப் பாங்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். மறுமொழி கிடைக்கவில்லை.

அந்த முதற் கடிதத்துக்கும் அடுத்து அவர் செய்ததற்கும் உள்ள வேற்றுமையே கவனிக்கத்தக்கது. பாங்ஸ் அவர்களுக்குச் சென்றது வெறும் வேண்டுகோள். அத்தகைய வேண்டுகோள்கள் ஒரு கழகத் தலைவரின் மேசையில் எத்தனையோ கிடந்திருக்கும். டிசெம்பரில் டேவிக்குச் சென்றது வேண்டுகோள் மட்டுமன்று. டேவியின் நான்கு விரிவுரைகளையும் முந்நூறு பக்கத்துக்கு மேல் விரித்தெழுதி, படம் வரைந்து, கட்டிய நூலொன்றும் கடிதத்தோடு சென்றது. கேட்பவனின் ஆர்வத்தை அளந்தறிய இயலாது. அந்நூலை எழுதியவனின் உழைப்பையும் ஒழுங்கையும் விளக்கத்தையும் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். அன்றியும், தம் சொற்கள் அத்துணை அக்கறையுடன் பேணப்பட்டதைக் கண்டு மகிழாத ஆசிரியர் அரியர். டிசெம்பர் 24ஆந் திகதியே டேவி பரிவுடன் மறுமொழி எழுதினார்.

ஆயினும் உடனே வாயில் திறந்துவிடவில்லை. 1813 சனவரியில் நேரிற் கண்டபோது, விஞ்ஞானம் வருவாய் தராத கடுந்தலைவி என்னுங் கருத்துப்படப் பேசி, புத்தகத் தொழிலை விடவேண்டா என்றே டேவி அறிவுரை கூறினார். பிப்பிரவரியில் ஆய்வுகூடத்து உதவியாளர் ஒருவர் கைகலப்பிலீடுபட்டு நீக்கப்பட்டார். அப்போது டேவிக்கு நினைவு வந்த பெயர் பரடே. மார்ச்சு முதலாந் திகதி, கிழமைக்கு 25 சிலிங் சம்பளத்தில், மேல்மாடியில் இரண்டு அறைகளுடன் அவர் நியமனம் பெற்றார். அக்கைகலப்பு நற்பேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இடம் வெறிதானபோது நினைக்கப்படுவதற்கு வேண்டிய ஏற்பாட்டை இரண்டு மாதத்துக்கு முன்னரே அவர் செய்து வைத்திருந்தார்.

உள்ளே நுழைந்தபின் நேரும் இடர் வேறு வகையானது. வல்லாரொருவரின் நிழலில் வளர்வோர்க்கு அந்நிழலே காவலுமாகும், தடையுமாகும். 1813 ஒக்டோபரில் டேவி ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். அவருடைய பணியாளர் உடன்வர மறுத்துவிட்டதால், விஞ்ஞான உதவியாளராய்ச் சென்ற பரடே உடை எடுத்துவைக்கும் வேலையையும் செய்யவேண்டியதாயிற்று. டேவியின் மனைவியார் அவரை ஏவலாளாகவே நடத்தினார். பாதியில் திரும்பிவிடவும் பரடே எண்ணியதுண்டு. ஆனால் அப்பயணத்திலேதான் அம்பியர், கேலுசாக், வோல்டா முதலிய பேரறிஞரை அவர் கண்டார். பல்கலைக்கழகம் காணாத அவருக்கு அவ்வொன்றரை ஆண்டே பல்கலைக்கழகமாயிற்று. அவமதிப்பைப் பொறுத்தது அடிமைப் புத்தியாலன்று. அங்கே பெறத்தக்கது இன்னதென்பதை அறிந்திருந்தமையால். 1815இல் மீண்டபோது கிழமைக்கு 30 சிலிங் சம்பளத்தில் நிறுவனத்திற் மறுபடியும் அமர்ந்தார்.

அடுத்த சில ஆண்டுகளில் அவர் செய்த ஒன்றை நம் இளைஞர் சிறப்பாகக் கருதுதல் நன்று. உதவியாளர் வேலைக்குப் பேச்சுத்திறன் வேண்டியதில்லை. குடுவை கழுவுதற்கும் அடுப்பு மூட்டுதற்கும் நாவன்மை எதற்கு? ஆனால் மற்றவர் விரிவுரைகளுக்குக் கருவி எடுத்துக் கொடுத்து நின்ற வேளைகளிலெல்லாம், பேசுவோர் எங்கே அவையைக் கவர்கின்றனர், எங்கே இழக்கின்றனர் என்று அவர் நோக்கி வந்தார். 1813லேயே தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களில், மண்டபத்தின் காற்றோட்டம் முதல் பேச்சாளரின் கையசைவு வரை ஆராய்ந்திருக்கின்றார். 1816இல் இளைஞர் சங்கமொன்றில் தாமே விரிவுரையாற்றத் தொடங்கினார். பின்னர் ஸ்மாட் என்னும் நாவன்மை ஆசிரியரிடம் பணங்கொடுத்துப் பாடங்கேட்டார். புகழ்பெற்ற பின்னரும், தாம் விரைந்து பேசும்போது ‘மெல்ல’ என்றெழுதிய அட்டையைத் தம்முன் வைக்கும்படி உதவியாளருக்குக் கட்டளையிட்டிருந்தார். அரச நிறுவனம் பணமுடையால் தள்ளாடிய காலத்தில், 1826 முதல் நடந்த வெள்ளிக்கிழமை மாலைச் சொற்பொழிவுகளும், 1827 தொடங்கி அவர் 19 தடவை நடத்திய சிறுவர்க்கான கிறிஸ்மஸ் விரிவுரைகளும் அந்நிறுவனத்தை நிலைநிறுத்தின. வேலைக்கு வேண்டப்படாதிருந்த திறமை, அவரை நிறுவனத்துக்கு இன்றியமையாதவராக்கிற்று.

இடையில் ஓர் இடறலும் உண்டு. மின்னோட்டம் காந்தவூசியை அசைக்கும் என்று 1820இல் ஏர்ஸ்டெட் வெளியிட்டபின், வொலாஸ்டன் என்னும் மூத்த அறிஞர் மின்கம்பியைச் சுழலச் செய்ய எண்ணி, டேவியின் முன்னிலையில் முயன்று வெற்றிபெறாது விட்டார். 1821 செப்டெம்பரிற் பரடே வேறொரு முறையாற் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். இன்றைய மின்மோட்டர்களின் முன்னோடி அது. உவகை மிகுதியால் விரைந்து வெளியிட்டபோது, வொலாஸ்டன் பெயரைக் குறிப்பிடவில்லை. பிறர் கருத்தைத் திருடினார் என்னும் பழி எழுந்தது. 1823இல் அவரை அரச கழகத்துக்கு முன்மொழிந்தபோது, கழகத் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். 1824 சனவரி 8ஆந் திகதி ஒரேயொரு எதிர்வாக்குடன் அவர் தெரிவுசெய்யப்பட்டார். நேர்மையில் ஐயுறத்தகாத ஒருவருக்கும், நன்றியை எழுத்திற் காட்டத் தவறிய ஒரு பக்கம் இரண்டாண்டுத் துன்பம் தந்தது. கண்டுபிடித்தல் ஆய்வுகூடத்தில் நடப்பது. அதனைத் தம்முடையதாக உலகம் ஏற்பது மனிதரிடையே நடப்பது. இரண்டுக்கும் இரண்டு வகைக் கவனம் வேண்டும்.

இனி, அவர் வாழ்வில் மிக நெருக்கடியான, ஆயினும் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதிக்கு வருவோம். தொலைநோக்கிகளுக்கு வேண்டிய கண்ணாடியில் பவேரியா நாட்டுப் பிரௌன்கோபர் இங்கிலாந்தை வென்றுவிட்டார். அக்குறையைப் போக்க 1824இல் அரச கழகமும் நெடுங்கோட்டுச் சபையும் கூடி ஒரு குழு அமைத்தன. கண்ணாடியின் இரசாயனப் பகுதி பரடேமேற் சுமத்தப்பட்டது. முதலில் தொலைவிலிருந்த தொழிற்சாலையொன்றுக்குப் போய்வந்து வேலைசெய்தார். 1827இல் அரச நிறுவனத்திலேயே உலை கட்டப்பட்டது. உலையைக் காக்க அன்டர்சன் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் உதவியாளராக அமர்த்தப்பட்டார். ஈயமும் மணலும் வெண்காரமும் உருக்கி, குமிழியும் கோடுமில்லாத தட்டொன்று பெறுதற்காக நாட்கணக்கில் உலைமுன் நின்றார். எத்துணைக் கருத்தாய்ச் செய்தாரெனில், 1829இல் இது பற்றி அவர் எழுதிய ஆய்வுரையை அரச கழகத்தில் வாசிக்க மூன்று கூட்டங்கள் வேண்டியிருந்தன. இருந்தும், கண்ணாடித் தொழிலை அது பெரிதும் மாற்றிவிடவில்லை.

அதேவேளை அவர் உள்ளத்தில் வேறொரு வினா கிடந்தது. மின்னிலிருந்து காந்தம் பிறக்குமாயின், காந்தத்திலிருந்து மின் பிறவாதோ? 1822இலேயே தம் குறிப்பேட்டில் இதனை எழுதிவைத்திருந்தார். 1824, 1825, 1828 ஆகிய ஆண்டுகளிற் சிறிது நேரம் கிடைத்தபோது முயன்றார், விடை கிடைக்கவில்லை. சிறிது நேரத்திற் கிடைக்கும் விடையன்று அது. முப்பத்து மூன்று வயதிலிருந்து நாற்பது வயதை அணுகும்வரை, ஒருவனின் அறிவு முறுகி நிற்கும் பருவத்தில், பிறர் வகுத்த பணிக்கே தம் சிறந்த நாட்களை அவர் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சோம்பர் என்று எவரும் சொல்லவியலாது. அவ்வளவு உழைப்பும் இன்னுமொரு பத்தாண்டு இவ்வாறே சென்றிருந்தால், கண்ணாடி பற்றிச் சிறப்பாக எழுதிய ஓர் அறிஞர் என்றே அவர் பெயர் நின்றிருக்கும்.

இக்கட்டை அவர் எவ்வாறு நீக்கினார்? சினந்து எழுந்து போகவில்லை. 1827இல் புதிதாகத் தோன்றிய இலண்டன் பல்கலைக்கழகம் இரசாயனப் பேராசிரியர் பதவியை அளிக்க முன்வந்தபோது, தம்மை வளர்த்த அரச நிறுவனத்தை அதன் தளர்ச்சிக் காலத்தில் விடலாகாது எனக் கூறி மறுத்தார். இது நன்றியறிதல், ஆனால் தொலைநோக்கும் இதில் உண்டு. புதிய கல்லூரியிற் பேராசிரியராகச் சென்றால் பாடநேரமும் மாணவர் தேர்வும் அவர் நாளை விழுங்கும். அரச நிறுவனத்திற் சம்பளம் ஆண்டுக்கு 100 பவுண், வீடு, நிலக்கரி, மெழுகுதிரி என்ற அளவே, ஆய்வுகூடமோ அவருடையது. 1829இல் ஊலிச்சு இராணுவக் கல்விக்கழகம் அழைத்தபோது, ஆண்டுக்கு இருபது விரிவுரையளவில் 200 பவுண் என்னும் நிபந்தனையில் ஏற்றார். ஆண்டின் மிகப் பெரும் பகுதியைத் தமக்கே விட்டு, வருவாயை மும்மடங்காக்கிய ஏற்பாடு அது. 1851 வரை அப்பணியை அவர் செய்தார்.

வாழ்வுக்கு வேண்டியது இவ்வாறு உறுதிப்பட்டபின்னரே கண்ணாடியை விட்டார். 1829 மே மாதத்தில் டேவி காலமாயினார். 1831 யூலையிற் பரடே அரச கழகத்தின் செயலாளருக்குக் கடிதம் எழுதினார்: இதுவரை செய்தவற்றை ஒப்படைத்து, தம் சொந்த எண்ணங்களை ஆராயும் இன்பத்துக்காகக் கண்ணாடி வேலையை ஒருபுறம் வைக்க விரும்புவதாகப் பணிவாக அறிவித்தார். அக்கடிதத்திற் குறைகூறலும் இல்லை, மன்னிப்புக் கோரலும் இல்லை.

அதன்பின் இரண்டு மாதங்கூடச் செல்லவில்லை. 1831 ஓகத்து 29ஆந் திகதி, ஏறக்குறைய ஆறங்குல விட்டமுள்ள இரும்பு வளையமொன்றின் இருபுறமும் செப்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடுத்தார். தொடுத்த கணத்திலும் அறுத்த கணத்திலும் மற்றைச் சுருளோடு இணைந்த ஊசி துடித்தது. ஒக்டோபர் 17இல் காந்தக் கோலொன்றைச் சுருளுக்குள் செலுத்தியே மின்னோட்டம் பெற்றார். அம்மாத இறுதியில், பெருங்காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்த மின்னோட்டம் எடுத்தார். மின்காந்தத் தூண்டல் என்று நாம் கற்பது இது; நம் ஊர்களுக்கு மின்விளக்குத் தரும் பிறப்பாக்கிகளுக்கும், வீதியோரத்து நிலைமாற்றிகளுக்கும் அடிப்படை இதுவே. ஒன்பதாண்டாகக் கிடந்த வினாவைத் தீர்க்கச் சோதனைக்குச் சென்றவை ஏறக்குறையப் பத்து நாட்கள். அப்பத்து நாட்களைத் தமக்கென்று பெறுதலே அருமையாயிருந்தது.

வெளியிடுதலில் முன்பு பட்ட வடு அவரை இம்முறை எச்சரித்திருந்தும், வேறொரு பக்கத்தால் இடர் வந்தது. நவம்பர் 24ஆந் திகதி அரச கழகத்தில் ஆய்வுரை வாசிக்கப்பட்டது. அது அச்சேறுமுன், பாரிசிலுள்ள அன்பர் ஒருவருக்குச் செய்தியைக் கடிதத்தில் எழுதினார். அவர் அதனைப் பிரெஞ்சுக் கல்விக்கழகத்தில் வெளிப்படுத்தினார். அது கேட்ட இத்தாலிய அறிஞர் இருவர் சோதனைகளைத் தாமும் செய்து கட்டுரை எழுத, அது முந்திய திகதியிட்ட சஞ்சிகை இதழில் வெளிவந்தது. பரடே அவர்களைப் பின்பற்றியவர் போலச் சிலருக்குத் தோன்றிற்று. இதன்பின், 1832 மார்ச்சு 12ஆந் திகதி, காந்த விசையும் மின் விசையும் அலைபோற் காலங்கொண்டு பரவக்கூடும் என்னும் தம் எண்ணத்தை எழுதி, முத்திரையிட்ட உறையில் அரச கழகத்திடம் ஒப்படைத்தார். அப்போது அதனை நிறுவ அவரிடம் சோதனை இல்லை. ஆனால் எண்ணம் எப்போது தோன்றியது என்பதற்குச் சான்று வேண்டும் என்பதை அவர் அறிந்துவிட்டார். அவ்வுறை இருபதாம் நூற்றாண்டிலேதான் பிரிக்கப்பட்டது.

பணத்தைப் பற்றியும் ஒருவார்த்தை கூறவேண்டும். 1830, 1831 ஆம் ஆண்டுகளில் தொழிற்சாலைகளுக்கும் வழக்குகளுக்கும் இரசாயன ஆலோசனை கூறி, ஆண்டுக்கு ஆயிரம் பவுணுக்கு மேல் அவர் ஈட்டினார். கண்டுபிடிப்பின்பின் அவ்வேலையைக் குறைத்தார். 1832இல் அவ்வருவாய் நூற்றைம்பது பவுண் அளவுக்கு வீழ்ந்தது. அவருக்குப் பின் அந்நிறுவனத்தை நடத்திய டிண்டால், பரடே விரும்பியிருந்தாற் பெருஞ்செல்வராயிருப்பார் என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கின்றார். இதனை எல்லோரும் பின்பற்றலாம் என்று கூறுதல் பொருந்தாது. பரடேக்கு மக்கட்பேறு இல்லை. பொருள் சேர்த்து வைத்தலை விரும்பாத சிறு சமயக்குழுவொன்றைச் சார்ந்தவர் அவர். மனைவியாரும் அவ்வெளிய வாழ்வை உவந்தவர். தங்கையர்க்குச் சீதனமும் தம்பியர்க்குக் கல்வியும் தேடவேண்டிய ஓர் இளைஞன் ஆயிரம் பவுணைக் கைவிடுதல் துறவன்று, கொடுமை. ஆயினும் பரடே முதலில் ஊலிச்சுச் சம்பளத்தையும், 1833இல் விரிவுரைக் கட்டாயமில்லாத புல்லர் பேராசிரியப் பதவியின் ஆண்டுக்கு 100 பவுணையும், 1836 முதல் கலங்கரை விளக்கச் சபையின் 200 பவுணையும் உறுதிப்படுத்திக்கொண்டார் என்பதைக் காணும்போது, அவர் துறந்தது எதனை, துறவாதது எதனை என்பது விளங்கும். அளவறிந்த வருவாயைக் கொண்டார். நேரத்தை அளவின்றி விழுங்கும் வருவாயை விட்டார்.

பதவியிலும் அவ்வாறே. 1835இல் பிரதம மந்திரி மெல்போண் பிரபு, அறிஞர்க்கு உபகாரச் சம்பளம் வழங்கும் முறையை இழிவாகப் பேசியதால் அதனை வேண்டாவென்று மறுத்தார். அவர் வருத்தந் தெரிவித்தபின்னரே ஆண்டுக்கு 300 பவுணை ஏற்றார். 1857இல் அரச கழகத் தலைமையே தேடிவந்தபோது, வெறும் மைக்கேல் பரடேயாகவே இறுதிவரை இருக்க விரும்புவதாகக் கூறி விலகினார். டேவி அப்பதவியிற் பட்ட பாட்டை அருகிலிருந்து கண்டவரன்றோ அவர்!

பரடேயின் வழியைக் கூறும்போது, அவர் ஒதுக்கிய வேலை முற்றும் வீணாயிற்று என்று கொள்வதும் தவறு. உலைகாக்க வந்த அன்டர்சன், உலை அணைந்தபின்னும் ஆய்வுகூடத்திலேயே தங்கி, 1866இல் தாம் இறக்கும்வரை பரடேயின் சோதனைகள் பலவற்றில் உடனிருந்தார். ஒளிமீது காந்தம் ஏதும் செய்யவல்லதோ என்று 1845இல் பரடே பல பொருள்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எதிலும் விளைவு தோன்றவில்லை. செப்டெம்பர் 13ஆந் திகதி, பழைய நாட்களில் தாம் உருக்கி வைத்த, ஈயம் மிகுந்த பாரக் கண்ணாடித் துண்டொன்றை எடுத்துக் காந்தத்தின் முனைகளருகே வைத்தார். அதனூடு சென்ற முனைவாக்கிய ஒளியின் தளம் திரும்பிற்று.